கடைசி ஸிப்

டொரான்டோ
6 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

ரெய்னோ எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் அப்பாவும் சௌக்கியமா? அப்பாவின் காது எப்படி இருக்கிறது? அங்கே தண்டர் பேயில் குளிர் ஆளைக் கொல்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். நீ ஓட்டும் பள்ளிக்கூட பஸ் காலையில் கிளம்புகிறதா?

போனில் சொல்லவேண்டிய விஷயம்தான். ஆனால் போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். நம் குழுவின் பழைய ராக் பாட்டுகளில் பன்னிரண்டைப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் நான் ஒரு பெரிய பாடகியோடு ஜோடி சேர்ந்து மறுபடி பாடவேண்டுமாம். விருந்தாளிப் பாடகிகள் என்று அட்டையில் அவர்கள் படத்தைப் பெரிதாகப் போடுவார்கள். ரே கொஸ்கி என்ற என் மேடைப் பெயரை மட்டும் பார்த்து இப்போது யாரும் தட்டு வாங்குவதில்லை, அது உனக்கே தெரியும்.

அந்தப் பாட்டுகளில் இரண்டாம் குரல் உன்னுடையது. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எனக்கே மறந்துவிட்டது. மார்ச் விடுமுறையில் வந்து ட்ராக் பாடிக் கொடுப்பாயா? விருந்தாளிகள் அதைக் காதில் கேட்டுக்கொண்டே தங்கள் பங்கைப் பாடுவார்கள். அவர்கள் பாடி முடித்ததும் உன் குரலை அழித்துவிடுவோம். யாருக்கும் தெரியப்போவதில்லை, அதனால் உனக்குக் கூச்சம் வேண்டாம்.

அப்பாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
ரெய்னோ

*

தண்டர் பே
15 பிப்ரவரி 1995

தம்பி ரெய்னோவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அப்பாவுக்கு வலது காது போய்விட்டது. இடது காது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறது. பஸ் கிளம்புகிறது. நான்தான் கிளம்பமாட்டேன் என்கிறேன்.

கூச்சமா? எனக்கா? பதினாறு வயதில் உன்னை மேடைக்குத் தள்ளிவிட்டவளே நான்தானடா! அம்மா படுத்த படுக்கையானபோது, "ஒரு மாசம்தான்க்கா, நீ வர்ற வரைக்கும் எவளையாச்சும் வச்சு ஓட்டிக்கறேன்" என்று போனவன் நீ. அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. இப்போது உழுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறாய், அறுப்பதற்குப் பன்னிரண்டு பேர் பட்டுடுத்திக்கொண்டு வரப்போகிறார்கள்.

வருகிறேன். ஏன் என்று கேட்டால், எனக்குப் பாட ஆசை. மாதாகோவில் பாடகர் குழுவில் முன்வரிசைக் கிழவிகளின் இருமலோடு பாடிப் பாடி அலுத்துப்போச்சு.

ஆனால் ஒரு நிபந்தனை. பதினொரு பாட்டை எவளுக்கு வேண்டுமானாலும் கொடு. 'கடைசி ஷிப்' மட்டும் கூடாது. அது நீயும் நானும் பாடினால் தட்டில் வரட்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம்.

அது எப்படிப் பிறந்தது என்று நினைவிருக்கிறதா? ஏரி உறைய ஆரம்பித்துவிட்டது, அப்பா வேலை செய்த தானியக் கப்பல் வரவில்லை. அம்மா அடுக்களையில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அப்பா பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டே, "கடைசி ஸிப் வந்துடுச்சு, காப்பி இருக்கா?" என்றார். ஃபின்லாந்தில் பிறந்த நாக்கு, 'ஷ' வரவே வராது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று ராத்திரியே நான் அதைப் பாட்டாக்கினேன், நீ கிட்டாரில் சுரம் தேடினாய். அப்பா சொன்னபடியே நாம் இருவரும் ஸிப் என்றுதான் பாடினோம். டொரான்டோவில் எவனோ சிரித்தான் என்று நீ ஷிப்புக்கு மாறினாய். நான் மாறவில்லை.

இதற்கு உன் வாக்கு வேண்டும். போனில் வேண்டாம், போனில் நீ குழைந்து பேசியே ஏமாற்றிவிடுவாய். எழுது.

உன் அக்கா,
ஐலா

*

டொரான்டோ
24 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமே.

சத்தியம். அந்தப் பாட்டு உனக்கும் எனக்கும் மட்டும்தான். விமான டிக்கெட் இத்துடன் இருக்கிறது. வரும்போது ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டு வா, இங்கே கிடைப்பது ரொட்டியே இல்லை.

ரெய்னோ

*

தண்டர் பே
2 ஏப்ரல் 1995

அன்புள்ள ரெய்னோவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நான் இல்லாத நாட்களில் அப்பா பக்கத்து வீட்டுக்காரியின் சூப்பைக் குடிக்காமல் சண்டை போட்டிருக்கிறார். மற்றபடி சுகம்.

உன் தயாரிப்பாளர் கெல்சோவை எனக்குப் பிடிக்கவில்லை. "மேடம், இவ்ளோ உருகவேணாம். இது சும்மா வழி காட்டறதுக்குத்தானே? வழிகாட்டிப் பலகை அழுதா நல்லாவா இருக்கும்?" என்கிறான். பதினொரு பாட்டையும் பலகை மாதிரியே பாடிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டதைக் கொடுத்தாயிற்று.

ஆனால் கடைசி நாள் அவனை வெளியே அனுப்பிவிட்டு நீயும் நானும் 'கடைசி ஷிப்' பாடினோமே, அதை என்னால் மறக்கமுடியவில்லை. ஒரே தடவைதான் பாடினோம். முடிந்ததும் நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பஸ் ஓட்டும்போதெல்லாம் அது என் தலைக்குள் ஓடுகிறது. இத்தனை வருஷம் உன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது, போ.

தட்டில் என் பெயரை ஐலா கொஸ்கி என்று சரியாகப் போடச் சொல். எப்போது வெளிவரும் என்று எழுது. அப்பா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அக்கா

*

தண்டர் பே
11 ஜூன் 1995

ரெய்னோவுக்கு,

சுகமா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, "ரே வெளிய போயிருக்கார்" என்கிறாள். எப்போது கேட்டாலும் நீ வெளியேதான் இருக்கிறாய்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். நம் பாட்டு என்ன ஆச்சு?

ஐலா

*

வான்கூவர்
19 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், ஊர் ஊராகச் சுற்றுகிறேன். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அது தவிர நலம். அப்பா நலமா? தோட்டத்தில் தக்காளி பிடித்ததா? இங்கே ஓயாத மழை.

விருந்தாளிகளின் கூத்தைக் கேட்டால் சிரிப்பாய். ஒருத்தி நாயோடு வந்தாள். மேல்சுரம் பாடும்போதெல்லாம் அதுவும் கூடவே ஊளையிட்டது, இரண்டில் எது நாய் என்று கெல்சோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொருத்தியை நான் நேரில் பார்க்கவே இல்லை. அவள் குரல் கலிஃபோர்னியாவிலிருந்து பார்சலில் வந்தது. பாட்டில் நானும் அவளும் உயிருக்குயிராகக் காதலிக்கிறோம்.

செப்டம்பரில் தட்டு வெளிவருகிறது. கிடைத்ததும் அனுப்புகிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்.

ரெய்னோ

பி.கு.: டெல்ஃபின் ஆர்சனோ என்று நியூ பிரன்ஸ்விக் பெண் ஒருத்தி இருக்கிறாளே, இப்போது எந்த வானொலியைத் திருப்பினாலும் அவள்தான். அவள் இல்லாமல் தட்டு விலைபோகாது என்று கம்பெனி நினைக்கிறது. அவளுக்கு 'கடைசி ஷிப்' ஒன்றுதான் பிடித்திருக்கிறதாம். முடிவு என் கையில் இல்லை. யார் பாடினாலும் அதே பாட்டுதானே அக்கா.

*

தண்டர் பே
27 ஜூலை 1995

ரெய்னோ,

நலம் விசாரிக்க மனசில்லை. தக்காளி பிடித்திருக்கிறது, நீ கேட்டதற்குப் பதில்.

பி.கு.வா? நாய், மழை, கடைவாய்ப் பல் எல்லாம் எழுதிவிட்டு, என் பாட்டைப் பிடுங்கிக் கொடுத்ததைப் பின்குறிப்பில் போடுகிறாயா? அதையும் கையெழுத்துப் போட்ட பிறகு! எழுதினவன் நீ இல்லை என்று காட்டிக்கொள்ளவா?

"யார் பாடினாலும் அதே பாட்டுதானே." அப்படியானால் நாயைப் பாடச் சொல்லியிருக்கலாமே!

நீ சத்தியம் செய்து எழுதிய கடிதத்தை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். ஏலக்காய் ரொட்டிக்கு இருந்த மரியாதை கூட அந்தச் சத்தியத்துக்கு இல்லை. அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், வந்தாள். வீட்டுக்காரியை எழுப்பிவிட்டு அவள் இலையில் விருந்தாளியை உட்கார வைத்தவன் நீ.

பாடட்டும். அவள் பாடியதை எனக்கு அனுப்பாதே.

ஐலா

*

தண்டர் பே
17 செப்டம்பர் 1995

ரெய்னோ,

நீ அனுப்பவில்லை. வானொலியே என் பஸ்ஸுக்குள் கொண்டு வந்து போட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்டி நிறையப் பிள்ளைகள். பின்னால் ஒரு பெண், "மிஸ், மிஸ், டெல்ஃபின் பாட்டு! சத்தமா வைங்க!" என்று கத்தினாள். வைத்தேன். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "கடைசி ஸிப், கடைசி ஸிப்" என்று பாடினார்கள். ஒருத்திக்குக் கூட ஷிப் என்று வரவில்லை. முடிந்ததும் அறிவிப்பாளன் சொன்னான்: "பாத்தீங்களா, டெல்ஃபின் ஸிப்புன்னு எவ்ளோ கொஞ்சலா சொல்றாங்க! குழந்தை மழலை மாதிரி! இந்த ஒரு வார்த்தைக்கே விருது குடுக்கலாம்!"

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். 

நியூ பிரன்ஸ்விக்கில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவள் எதற்கடா ஸிப் என்கிறாள்? அவளுக்கு 'ஷ' நன்றாகவே வருமே! அந்த மழலை நம் அப்பாவுடையது. அந்த வார்த்தைக்கு முன்னால் இழுக்கிற மூச்சு என்னுடையது. நீ என் குரலை அழிக்கவில்லை. என் குரலை வைத்துக்கொண்டு என் பெயரை அழித்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்தால் அடுக்களையிலும் அதே பாட்டு. அப்பா இடது காதை வானொலியில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார். "ஐலா, நீ எப்ப ரேடியோல பாடினே? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல? நீயே எழுது, நான் படித்துக் காட்டுகிறேன்.

ஐலா

*

மாங்க்டன், நியூ பிரன்ஸ்விக்
9 அக்டோபர் 1995

மதிப்பிற்குரிய ஐலா கொஸ்கி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் தந்தையாரும் நலமாக இருக்கவேண்டும். நான் டெல்ஃபின் ஆர்சனோ. உங்கள் விலாசத்தையும், 'ஸிப்' உங்கள் அப்பாவின் நாக்கில் பிறந்த கதையையும் ஸ்டுடியோ வரவேற்புப் பெண்ணிடம் கெஞ்சி வாங்கினேன். இதைக் கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

'கடைசி ஷிப்' பாட நான் போனது உண்மை. உங்கள் ட்ராக்கைக் காதில் போட்டார்கள். முதல் தடவை கேட்டேன், வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் முடியவில்லை. காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, "இது ஏற்கெனவே பாடி முடிஞ்சுபோன பாட்டு. இதுல எனக்கு வேலை இல்ல. இவங்க பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கெல்சோ தலையாட்டினார். உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தட்டு வந்தது. அட்டையில் என் படம். போன் செய்தால் ஒருவரும் எடுக்கவில்லை. என் மேலாளர், "பேசாம இரும்மா, நல்ல பேருதானே வருது" என்கிறார். என் அப்பா இங்கிலீஷ் பேசினால் 'ஹ' வராது. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் என்னையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள். இப்போது இன்னொருவருடைய அப்பாவின் நாக்குக்காக என்னைக் கொஞ்சல் என்கிறார்கள். எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அடுத்த மாதம் விருது விழா. ரே நேரில் பாடுவாராம். என் பங்குக்கு டேப்பை ஓட்டுவார்களாம், நான் வாயசைத்தால் போதுமாம். போகமாட்டேன் என்று சொல்லிவிடப்போகிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

தாழ்மையுடன்,
டெல்ஃபின்

*

தண்டர் பே
16 அக்டோபர் 1995

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு. கிழிக்கவில்லை, அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "நல்ல பொண்ணு, காப்பிக்கு வரச்சொல்லு" என்றார்.

போகாமல் இருந்துவிடாதே. உனக்குத் தொண்டை வலி என்று சொல்லிவிட்டு டேப்பை ஓட்டுவார்கள், அவ்வளவுதான். நீ போ. நல்ல உடையாக உடுத்திக்கொள். மேடையில் நிமிர்ந்து நில்.

வாயை மட்டும் திறக்காதே.

அன்புடன்,
ஐலா

*

டொரான்டோ
14 நவம்பர் 1995

அக்காவுக்கு,

அப்பா நலமா? நான் நலமில்லை.

நீ பார்த்திருப்பாய். நாடு முழுக்கப் பார்த்தது. என் பங்கை நான் பாடி முடித்தேன், உன் குரல் ஆரம்பித்தது. டெல்ஃபின் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். முதலில் டேப் கோளாறு என்று நினைத்தேன். கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போகிறது, அவள் கண் சிமிட்டாமல் அதையே பார்க்கிறாள். குரல் மட்டும் பாடிக்கொண்டே போகிறது. அரங்கத்தில் ஒருத்தன் சிரித்தான், பிறகு அவனும் நிறுத்திவிட்டான். நான் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். அப்படி ஒரு நிலையில் எவனும் நிற்கக்கூடாது.

உன் விலாசத்தை அவள் வாங்கிப்போனாள் என்று ஸ்டுடியோவில் இப்போதுதான் சொன்னார்கள். நீதானே சொல்லிக்கொடுத்தாய்? என்னை மேடைக்குத் தள்ளிவிட்டவளே நீ என்பாயே, கீழே தள்ளியதும் நீதான். சொந்தத் தம்பியை இப்படியா?

அது யார் குரல் என்று நிருபர்கள் விரட்டுகிறார்கள். ஊர் பேர் தெரியாத ஒரு ட்ராக் பாடகி என்று சொல்லிவிடு என்கிறான் கெல்சோ. நான் அதைச் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அதையாவது நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

கம்பெனி என் போனை எடுப்பதில்லை. டிசம்பர் முழுக்க எனக்கு ஒரு மேடையும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரலாமா?

ரெய்னோ

*

தண்டர் பே
26 நவம்பர் 1995

ரெய்னோவுக்கு,

நாங்கள் சுகம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மறுபடி ஒருமுறை வாய்ப்பு வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

விழாவை நானும் அப்பாவும் பார்த்தோம். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நின்றதும் அப்பா எழுந்து டெலிவிஷனுக்குக் கிட்டே போனார். "அது என் குரல்ப்பா" என்றேன். "அது தெரியும்டீ. நீ பஸ் ஓட்டற பொண்ணு, உனக்கு வாயசைக்க ஒரு ஆளு எதுக்கு? எனக்கு அது கூடப் பரவால்ல. இவன் ஏன் ஸிப்புன்னு சொல்லமாட்டேங்கறான்? அதுதான் புரியல. இவனுக்கு என்ன ஆச்சு?" என்றார். அதற்கு நீதான் பதில் சொல்லவேண்டும். உன்னிடம் இருக்கிறதா?

ஊர் பேர் தெரியாதவள் என்று சொல்லவில்லையாம், அதைக் கணக்கில் வைக்கவேண்டுமாம்! ஒன்றும் சொல்லாமல் இருந்துதானே இத்தனையும் செய்தாய். ஏப்ரலில் ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் அப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்கவில்லை. அவள் மூடியது உண்மைக்காக. நீ எதற்காக மூடினாய் என்று நீயே யோசி.

அதே நிருபர்களைக் கூப்பிடு. என் அக்கா ஐலா கொஸ்கி எழுதிய பாட்டு, அவள் பாடியது, அதில் விருந்தாளி நான்தான் என்று சொல். இதே வார்த்தைகளில் சொல். இங்கே நாங்கள் வானொலியை அணைப்பதில்லை.

சொல்லிவிட்டு வா. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், மூன்று நாள் இருந்துவிட்டுப் போ. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு விறகு நீதான் வெட்டவேண்டும். கிட்டாரைக் கொண்டு வராதே. டெல்ஃபினும் வருவதாக எழுதியிருக்கிறாள், மெத்தை அவளுக்கு, உனக்குத் தரை.

வாசல் மணி ரிப்பேர். கதவைத் தட்டிவிட்டுச் சத்தமாகச் சொல்: "கடைசி ஸிப் வந்துடுச்சு, காப்பி இருக்கா?" அப்பா வந்து திறப்பார்.

ஷிப் என்று சொன்னால் அப்பாவுக்குக் காது கேட்காது. எனக்கும் கேட்காது.

ஐலா